புதன்கிழமை மத்தியானம் எங்கே கூட்டம் என்று பாருங்கள்

தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்து கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியில் முதுகலை சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். விடுதியில் இடம் கிடைக்கவில்லை, மூன்று நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். போனில் மேப்பைத் திறந்து நட்சத்திரம் அதிகமுள்ள கடையாகப் பார்த்துப் போகிறார். இருந்தும் மூன்று வாரத்தில் இரண்டு தடவை வயிறு கெட்டுவிட்டது, இரண்டும் ராத்திரி சாப்பாடு. ‘இத்தனை பேர் புகழும் ஊரில் நல்ல ஹோட்டலை எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்பது கேள்வி.

தம்பி, முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நானும் அதே கல்லூரியில்தான் படித்தேன். முடித்ததும் அப்பா பார்த்த வாழை இலை வியாபாரத்துக்கு வந்துவிட்டேன். இருபத்தைந்து வருஷமாக இந்த ஊர் ஹோட்டல், மெஸ், கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் இலை போடுகிறேன். சாப்பிடப் போகிறவர்கள் கடையின் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். நான் விடியற்காலை நாலரை மணிக்குப் பின்பக்கமாகப் போகிறவன். அதனால் சொல்வதற்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் ‘நல்ல ஹோட்டல்’ என்று ஒன்றைத் தேடாதீர்கள். எந்தக் கடையில், எந்தப் பண்டம், எந்த நேரத்தில் என்று மூன்றையும் சேர்த்துத் தேடுங்கள். காலை ஏழு மணிக்கு அமிர்தமாக இட்லி போடுகிற கடையிலேயே ராத்திரி ஒன்பதுக்கு மனசே இல்லாத தோசை வரும். கடை மோசம் என்று அர்த்தமில்லை. காலை அடுப்பில் நின்ற மாஸ்டர் மத்தியானம் வீட்டுக்குப் போயிருப்பார்.

மேப் நட்சத்திரம் ஏன் உங்களுக்கு உதவவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கும்பகோணம் ஒரே நேரத்தில் இரண்டு ஊர். ஒன்று கோயில் ஊர். சனி, ஞாயிறு, லீவு நாள் வந்தால் நவக்கிரகக் கோயில் சுற்றுகிற வேன்கள் வரிசையாக வந்து நிற்கும். அவர்கள் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு அடுத்த கோயிலுக்குப் போவார்கள். மறுபடி வர ஒரு வருஷமோ பத்து வருஷமோ ஆகும். இன்னொன்று கல்லூரி, ஆபீஸ், கடைத்தெரு, பாத்திரப் பட்டறை, கோர்ட் என்று தினமும் ஓடுகிற ஊர். நட்சத்திரம் போடுவதில் பெரும்பங்கு முதல் ஊரின் ஆட்கள். நீங்கள் இருப்பது இரண்டாவது ஊரில். அந்த ஊர்க்காரர் தினமும் சாப்பிடுகிற கடைக்கு நட்சத்திரம் போடமாட்டார். நன்றாக இல்லையென்றால் மறுநாள் வரமாட்டார், அவ்வளவுதான்.

இலைக் கணக்கில் இது பளிச்சென்று தெரியும். சில கடைகள் திங்களிலிருந்து வெள்ளி வரை ஒரே எண்ணிக்கையில் இலை எடுக்கும், ஞாயிறு வந்தால் பாதியாகக் குறைக்கும். சில கடைகளில் நேர்மாறு. வாரநாளில் இரண்டு கட்டு, சனி ஞாயிறு ஆறு கட்டு. முதல் வகைக் கடை நாளைக்கும் வரப்போகிறவனுக்காகச் சமைக்கிறது. உப்பு ஒரு நாள் கூடினால் மறுநாள் வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே கேட்பார். அந்தப் பயம் இருக்கிற அடுப்புதான் உங்களுக்கு வேண்டும். என் நோட்டை உங்களுக்குக் காட்ட முடியாது. ஆனால் அதே கணக்கை நீங்களே போடலாம். ஒரு புதன்கிழமை, முகூர்த்தமோ விசேஷமோ இல்லாத நாளாகப் பார்த்து, மத்தியானம் ஒரு மணிக்குச் சைக்கிளில் ஒரு சுற்று வாருங்கள். எந்தக் கடை வாசலில் உள்ளூர் வண்டிகள் நிற்கின்றன, எங்கே பாங்க் ஆட்களும் கடைப் பையன்களும் வாத்தியார்களும் கை கழுவிக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள். இரண்டு புதன்கிழமை போதும், உங்கள் பட்டியல் தயாராகிவிடும்.

இனி இட்லி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாணவன் வயிற்றுக்கு இதைவிட நம்பகமான பண்டம் கிடையாது, இந்த ஊரில் இது நன்றாக இருப்பதற்குக் காரணமும் இருக்கிறது.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில் ஆடுதுறை வரும். அங்கே இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-ல் தொடங்கியது. ஆடுதுறை 37 என்ற குண்டு ரகம் அங்கே வந்ததுதான், இட்லிக்கென்றே பேர் வாங்கிய அரிசி. சாப்பாட்டுக்குச் சன்னமான ஆடுதுறை 43. உளுந்தும் இந்த மண்ணிலேயே விளைகிறது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நெல் நிற்கும்போதே ஈர வயலில் உளுந்தை விதைத்துவிடுவார்கள். தனியாக உழவு கிடையாது, தனித் தண்ணீர் கிடையாது. நெல்லை அறுத்த பிறகு தாளுக்கு நடுவே பனியிலேயே உளுந்து வளரும். பங்குனி, சித்திரையில் புது உளுந்து மண்டிக்கு வரும். ஊறப்போட்டு ஆட்டினால் புது உளுந்து பொங்குகிற பொங்கல் தனி. ஒரே மாஸ்டர், ஒரே அரிசி, ஆனால் சித்திரை இட்லியையும் மார்கழி இட்லியையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். நல்ல மாஸ்டர் பழைய உளுந்து வருகிற மாதங்களில் ஒரு பிடி கூடப் போட்டுச் சரிக்கட்டுவார்.

கடை இட்லியைச் சோதிக்க வாயில் வைக்கவே வேண்டியதில்லை. இரண்டு இட்லி வாங்கி ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மற்றதைக் கால் மணி நேரம் அப்படியே இலையில் விடுங்கள். ஆறின பிறகும் விரல் வைத்தால் அமுங்கி மேலே வரவேண்டும். ஆறினதும் கல்லாக இறுகினால் உளுந்து குறைச்சல். அடியில் பாருங்கள். துணி போட்டு ஊற்றிய இட்லியில் துணியின் நெசவு மெல்லிசாகப் பதிந்திருக்கும். அந்த அச்சு இருந்தால் அந்தச் சமையற்கட்டில் இன்னும் யாரோ பொறுமையாக வேலை செய்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். துணியைத் தினமும் அலசிக் காயப்போட வேண்டும் என்பதற்காகவே பல கடைகள் அதை விட்டுவிட்டன.

நேரம் காலை ஆறரையிலிருந்து எட்டரைக்குள். சித்திரை, வைகாசி வெயிலில் இது ரொம்ப முக்கியம். தேங்காய்ச் சட்னி அரைத்து மூன்று நாலு மணி நேரம் ஆனால் சோர்ந்துபோகும், புளிப்பு வாடை ஏறும். பத்து மணிக்கு மேல் டிபன் சாப்பிடுவதானால் தேங்காய்ச் சட்னியைத் தொடாமல் சாம்பாரோ மிளகாய்ப்பொடியோ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்குச் சாம்பார் கேட்கவே கேட்காதீர்கள். கடப்பா கேளுங்கள். உங்கள் ஊரில் இந்தப் பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்தும் மசிக்காமலும் போட்டு, தேங்காய், கசகசா, சோம்பு, பூண்டு, பச்சைமிளகாய் அரைத்துவிட்டு, பட்டை, கிராம்பு தாளித்து, இறக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிவார்கள். குருமாவும் இல்லை, சாம்பாரும் இல்லை. நிறம் வெளிர் மஞ்சள், வாசனை சோம்பும் பூண்டும். தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தை விட்டால் இதை ஹோட்டலில் பார்ப்பது அபூர்வம். பல கடைகளில் ஞாயிறு மட்டும்தான், எட்டரை ஒன்பதுக்குள் பாத்திரம் காலியாகிவிடும். நல்ல கடப்பா ஊற்றினால் இலையில் மெதுவாக நகரும். தண்ணியாக ஓடினால் பருப்பு போதவில்லை, அசையாமல் நின்றால் பொட்டுக்கடலை மாவைக் கரைத்துக் கெட்டியாக்கியிருக்கிறார்கள்.

காபி பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையிலிருந்து திருச்சி வருகிற நெடுஞ்சாலை முழுக்க ‘கும்பகோணம் டிகிரி காபி’ என்று போர்டு பார்த்திருப்பீர்கள். பித்தளை டபரா செட்டை அடுக்கி வைத்திருப்பார்கள். ஊருக்குள் காபியைத் தேடும்போது போர்டைப் பார்க்க வேண்டாம், பால் வருகிற நேரத்தைப் பாருங்கள். தண்ணீர் கலக்காத பால், பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரில் டிகிரி பார்த்து வாங்கியது என்பதுதான் டிகிரி காபிக்கு ஊரில் சொல்கிற விளக்கம். அந்தப் பால் காலை ஐந்து, ஐந்தரைக்கும் மத்தியானம் மூன்றரைக்கும் கறந்து வரும். பால் முதல் கொதி கண்டதும், முதல் டிகாஷனோடு கலந்து குடிக்கிற காபிக்கும், பதினொரு மணிக்கு நாலாவது தடவை சூடுபண்ணின பாலில் குடிக்கிற காபிக்கும் சம்பந்தமே இல்லை. காலை ஐந்தரைக்குப் படிக்க எழுந்தால் நேராகப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். அறையில் சுடுதண்ணீரில் பொடி கரைத்துக் குடிக்காதீர்கள், இந்த ஊரில் இருந்துகொண்டு அது பாவம்.

கும்பேஸ்வரர் கோயில் பக்கம் மங்களாம்பிகா என்று ஒரு பழைய காபி ஹோட்டல் இருக்கிறது, நூறு வருஷத்தைத் தாண்டியது. ஒரு தடவை கண்டிப்பாகப் போய் உட்கார்ந்து வாருங்கள். அப்புறம் முராரி இனிப்புக் கடையில் டிரை ஜாமூன். வீட்டுக்குப் போகும்போது அம்மாவுக்கு வாங்கிப் போகலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் பார்ப்பது ரசம். சாம்பாரில் பருப்பும் காயும் குறையை மறைத்துவிடும், பொரியலைத் தேங்காய்த் துருவல் மறைத்துவிடும். ரசத்துக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. ரசத்தைக் கொதிக்க விடக்கூடாது. நுரை கட்டி மேலே எழும்பும்போதே இறக்கிவிட வேண்டும். பதினொன்றரைக்கு இறக்கிய ரசத்தை மூடி வைத்து ஒன்றரை வரைக்கும் அப்படியே ஊற்றினால் கொத்தமல்லி வாசனையும் மிளகு காரமும் தனித்தனியாகத் தெரியும். அடுப்பிலேயே விட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் தக்காளிச் சாறும் புளியும் சேர்ந்து ஒரே உப்புக்கரிப்பாகிவிடும். ரசம் நன்றாக இருக்கிற மெஸ்ஸில் மற்றவை நன்றாக இல்லாமல் நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, மோர். மோர் அந்தக் கடையின் தண்ணீரைச் சொல்லும். சாப்பாட்டுக் கடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, டிரம்மை மூடி வைத்திருக்கிறார்களா, மொள்ளுவதற்குக் கைப்பிடி வைத்த குவளை இருக்கிறதா, இல்லை விரலோடு டம்ளரை முக்குகிறார்களா என்று கை கழுவப் போகும்போது எட்டிப் பாருங்கள். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். பின்பக்கம் பார்க்கக் கிடைத்தால் சாக்கடை ஓரம், பாத்திரம் கழுவும் இடம் இரண்டையும் பாருங்கள். பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு உட்கார ஒரு பலகையும் மேலே ஒரு பல்பும் போட்டுக்கொடுத்திருக்கிற கடையில் பாத்திரம் சுத்தமாக இருக்கும். விடியற்காலையில் இருட்டில் பாத்திரம் தேய்க்க வைக்கிற கடைகளையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே இலை இறக்கிவிட்டுக் காபி வேண்டாம் என்று வந்துவிடுவேன்.

முகூர்த்த நாள் விஷயம் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆவணி, தை, வைகாசி மாதங்களில் வளர்பிறை முகூர்த்தம் வந்தால் ஊரில் இருக்கிற கைதேர்ந்த மாஸ்டர்கள் கல்யாணச் சமையலுக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒரு நாள் கூலி ஹோட்டலில் மூன்று நாலு நாள் கூலிக்குச் சமம், போவது நியாயம்தான். அன்றைக்கு மெஸ்ஸில் கரண்டி பிடிப்பது எடுபிடிப் பையனாக இருக்கும். உங்களுக்குப் பிடித்த கடை திடீரென்று ஒரு நாள் சொதப்பினால் உடனே மாற்றிவிடாதீர்கள், காலண்டரைப் பாருங்கள். அதே நாளில் எனக்கு இலை விலை ஏறும், சின்ன மெஸ்கள் இலையை நிறுத்திவிட்டுத் தட்டில் போடும். ஆடிக் காற்றிலும் அப்படித்தான், தோட்டத்தில் இலையெல்லாம் நார் நாராகக் கிழிந்துபோகும். தட்டு தப்பில்லை, நன்றாகத் துடைத்த தட்டாக இருந்தால் போதும். பேப்பரில் இலை படம் அச்சடித்து மேலே வழவழவென்று பூச்சு பூசிய தாளில் சுடச்சுடச் சோறு போட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருமுறை தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அந்தப் பூச்சுத் தாளும் அதில் அடக்கம். பார்சலுக்கும் இதேதான். கொதிக்கிற ரசத்தைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வாங்காதீர்கள். நாலு பேர் ஓர் அறையில் இருக்கிறீர்கள், பாத்திரக் கடைக்குப் போய் நாலடுக்கு டிபன் கேரியர் ஒன்று வாங்குங்கள். பாத்திரத்துக்குப் பேர்போன ஊர் இது. கேரியரோடு போகிற பையனுக்கு மெஸ்ஸில் குழம்பு ஒரு கரண்டி கூடத்தான் விழும்.

அசைவம் சாப்பிடுகிறவர் என்றால் மீனைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், டெல்டாவில் இருந்துகொண்டு பிராய்லர் கோழியே சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். கடல் மீன் நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி பக்கம் விடியற்காலை ஏலத்தில் எடுத்து ஐஸ் போட்டு வரும். காலையில் ஊருக்குள் வந்து பதினொரு மணிக்குக் குழம்பாகும். அதனால் மீன் என்றால் மத்தியானம்தான். மீன் குழம்பு மறுநாள் ருசிக்கும் என்பது வீட்டுச் சட்டிக்குச் சரி, கடைக்குச் சரியில்லை. வறுவல் ராத்திரி வேண்டவே வேண்டாம், மத்தியானம் போணியாகாத துண்டுதான் மறுபடி எண்ணெய்க்குப் போகும்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் ‘வஞ்சிரம் இருக்கு’ என்று போர்டு வைத்திருந்தால் அது மேற்குக் கரையிலிருந்தோ ஐஸ் கிடங்கிலிருந்தோ வந்ததாக இருக்கும், விலையும் இரண்டு மடங்கு. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவருகிற மத்தி, காரல், நெத்திலி போன்ற சின்ன மீன் கிடைத்தால் சாப்பிடுங்கள். தடைக்காலம் முடிகிற சமயத்தில்தான் ஆற்றுக்கும் காலம் வரும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பார்கள். கல்லணை தாண்டி ஆறு, வாய்க்கால் எல்லாம் தண்ணீர் ஓடி, குளங்கள் நிறைந்து, மழையும் சேர்ந்தால் கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் வரத்து ஆரம்பிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சாலையோரம் கூடை வைத்து விரால் துள்ளத் துள்ள விற்பார்கள். விரால் குழம்பு தினமும் போர்டில் இருக்காது. ‘இன்னிக்கு என்ன மீன்?’ என்று கேளுங்கள். ‘எல்லாம் இருக்கு’ என்று பதில் வந்தால் கோழிக்குப் போய்விடலாம். ‘இன்னிக்குக் கெளுத்தி மட்டும்தான்’ என்று பதில் வருகிற கடையை விடாதீர்கள்.

பரோட்டாவுக்குக் கல் சூட்டோடு நேரில் அடித்துக் கொடுத்தால் பயமில்லை. பயம் சால்னாவில். ராத்திரி பத்து மணிக்குக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் சாப்பிடலாம், வெதுவெதுப்பாக இருந்தால் வேண்டாம்.

இங்கேதான் உங்கள் வயிற்று வலிக்கு வருகிறேன். இரண்டு தடவையும் எட்டரைக்கு மேல், இட்லியோ தோசையோ, கூடவே சட்னியும் குருமாவும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இரண்டாம் வருஷம் படிக்கும்போது இதே கதை நடந்தது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெரிய கடை, பெயர் வேண்டாம், வாசலில் எப்போதும் கூட்டம். ராத்திரி ஒன்பதரைக்கு நாலு இட்லி சாப்பிட்டேன். சாம்பார் ருசித்ததும் ஏதோ நெருடியது. முருங்கைக்காய் குழைந்து நாராகக் கிடந்தது, டிபன் சாம்பாரில் முருங்கைக்காய்க்கு என்ன வேலை? மத்தியானம் சாப்பாட்டுக்கு வைத்த சாம்பாரில் வெந்நீரும் வெங்காயமும் சேர்த்து ராத்திரி டிபனுக்கு ஊற்றியிருக்கிறார்கள். அது புரிவதற்குள் சாப்பிட்டு முடித்திருந்தேன். இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை, இன்டர்னல் பரீட்சை ஒன்று போனது. வீட்டுக்கார அம்மா உப்பும் சர்க்கரையும் போட்டு எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தார், மூன்றாம் நாள் மோர்ச்சாதம் கொடுத்து எழுப்பி உட்கார வைத்தார். நீங்கள் மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு வாங்கி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவு தண்ணீருக்கு ஒரு முழுப் பாக்கெட், பாதி பாதியாகக் கலக்கக்கூடாது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் காத்திருக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆக ராத்திரிக்கு என் யோசனை: ஏழரைக்குள் சாப்பிடுங்கள். கல்லில் அப்போது வார்த்து எடுக்கிற தோசை, சப்பாத்தி, இல்லை ஆவி பறக்கிற இட்லியோடு மிளகாய்ப்பொடி. படித்து முடித்துப் பதினொரு மணிக்குப் பசித்தால் பால் கடையில் சூடாகப் பாலும் இரண்டு வாழைப்பழமும். பூவன் பழம் எந்தக் கடையிலும் தொங்கும், தோலோடு இருக்கிற பண்டத்தால் வயிறு கெடாது.

இவ்வளவும் ஹோட்டலுக்குச் சொன்னேன். ஆனால் இரண்டு வருஷம் இருக்கப்போகிறவருக்கு உண்மையான பதில் வீட்டு மெஸ். போர்டு இருக்காது, மேப்பில் இருக்காது. அக்ரகாரத் தெருக்களிலும், கல்லூரியைச் சுற்றியும், ரயிலடிப் பக்கமும் பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் மாசக் கணக்கில் சமைத்துப் போடுகிற வீடுகள் இருக்கின்றன. பெரும்பாலும் வயதான தம்பதி, இல்லை ஓர் அம்மா தனியாக நடத்துவார். இந்த ஊருக்கு இது புதுசில்லை. கணித மேதை ராமானுஜன் இங்கே சாரங்கபாணி சன்னதித் தெருவில் சிறுவனாக இருந்தபோது அவர் வீட்டிலேயே இரண்டு கல்லூரி மாணவர்கள் தங்கியிருந்தார்கள். பதினொரு வயதுக்குள் அவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் அவர் கற்றுத் தீர்த்துவிட்டாராம். பிறகு 1904-ல் நம் கல்லூரியிலேயே உதவித்தொகையோடு சேர்ந்தார். அந்த வீடு இப்போதும் நினைவில்லமாக இருக்கிறது, போய்ப் பாருங்கள். சின்ன வீடு, குறுகலான திண்ணை. அந்த அளவு வீட்டில் வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்த ஊர் இது.

அப்படி ஒரு வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லூரி அலுவலகத்தில் கேட்காதீர்கள். லைப்ரரி உதவியாளர், ஜெராக்ஸ் கடைக்காரர், காலையில் பால் போடுகிறவர், இந்த மூன்று பேரைக் கேளுங்கள். பால்காரருக்கு நிச்சயம் தெரியும். நாலு பேர் இருக்கிற வீட்டில் எட்டு லிட்டர் பால் ஊற்றினால் அங்கே மெஸ் நடக்கிறது என்று அர்த்தம். போகும்போது தனியாகப் போகாமல் நாலு பேரும் சேர்ந்து போங்கள். நாலு சாப்பாடு நிச்சயம் என்றால் அவர்களுக்கும் அரிசி, காய் கணக்குச் சரியாக இருக்கும். முதல் மாசம் முன்பணம் முழுசாகக் கொடுக்க வேண்டாம், ஒரு வாரம் சாப்பிட்டுப் பார்க்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்வார்கள். வராத நாளை முதல் நாள் ராத்திரியே சொல்லிவிட வேண்டும். இதில்தான் பிள்ளைகள் கெட்ட பேர் வாங்குவார்கள். ஊருக்குக் கிளம்பிப் போய்விட்டு போன்கூடப் பண்ணமாட்டார்கள், அந்த அம்மா நாலு பேருக்கு வடித்த சோற்றை வைத்துக்கொண்டு மூன்று மணி வரை காத்திருப்பார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அப்படி ஒரு அம்மா இருக்கிறார். இலை வாங்கமாட்டார், தட்டுதான். ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் பன்னிரண்டு இலை கேட்பார், பிள்ளைகள் அன்றைக்காவது இலையில் சாப்பிடட்டும் என்று. கொல்லையில் வாழை இருந்தும் ஏன் என்னிடம் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். அது குருத்துவிடுகிற மரம், இலையை அறுத்தால் தார் சிறுத்துப்போகும், பழம் வந்தால் பிள்ளைகளுக்குத்தானே என்றார். மார்கழி பரீட்சை நேரத்தில் காலையில் ஆறு மணிக்கே வெண்பொங்கல் போட்டு அனுப்புவார்.

கடைசியாக, லீவு நாளில் ஊரைச் சுற்றுங்கள். நாற்பது கிலோமீட்டர் தஞ்சாவூர், அங்கே சந்திரகலா என்கிற இனிப்பு. திருவையாறு போனால் அசோகா, பாசிப்பருப்பில் செய்கிற அல்வா, சூடாக இலையில் வைத்துத் தருவார்கள். நீடாமங்கலத்தில் பால் திரட்டு, அதுவும் இனிப்புதான். எல்லாமே பஸ்ஸில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்கள். ஏழரைக்குக் கிளம்புங்கள், எட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் இரண்டு இட்லி மட்டும் சொல்லுங்கள், கடப்பாவைத் தனியாகக் கிண்ணத்தில் வாங்காதீர்கள், இட்லி மேலேயே ஊற்றச் சொல்லுங்கள்.